இருபத்தேழாம் எண் மூடி

திங்கட்கிழமை கிருமியியல் வகுப்பில் அவரவர் பல்லிடுக்கைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துக் கிருமி வளர்க்கும் மூடிபோட்ட கண்ணாடித் தட்டில் தேய்த்தோம். செய்துகாட்டப் பேராசிரியர் சகாயராஜும் தன் வாயைத் துடைத்து ஒரு தட்டில் தேய்த்தார்.

"பேரைத் தட்டோட அடியில எழுதுங்க. மூடி மாறிப்போகும்," என்றார்.

புதன்கிழமை, கிருமி அப்பி நாறிய ஒரு தட்டைத் தூக்கினார். மூடியில் எங்கள் வகுப்பு மாதங்கியின் வருகை எண், இருபத்தேழு.

"எந்திரி. இது வாயா, சாக்கடையா? நீயெல்லாம் பல் டாக்டராகி என்னத்தக் கிழிக்கப் போற?"

வகுப்பே சிரித்தது. நானும்தான்.

சிரிப்பு அடங்கும்வரை மாதங்கி நின்றாள். "மூடி என்னுதுதான் சார். தட்டைத் திருப்பிப் பாருங்க."

திருப்பினார். அடியில் அவர் கையெழுத்தில் அவர் பெயர்.

"இப்பச் சொல்லுங்க சார். வாயா, சாக்கடையா?"