பன்னிரண்டு மூடிகள்

பின்கட்டில் எலுமிச்சைத் தோலும் வெல்லமும் ஊறும் பன்னிரண்டு பாட்டில்கள். தினமும் அவற்றின் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றுவது வேலைக்கு வரும் ஜெசிந்தாவின் பொறுப்பு. ஒரு நாள் மறந்தாலும் வெடித்துவிடும் என்று வீட்டுக்காரி நளாயினி சொல்லியிருந்தாள். ஊறியதை வடிகட்டித்தான் தரையும் கழிப்பறையும் தேய்க்க வேண்டும். அந்தப் புளிப்பில் ஜெசிந்தாவின் விரலிடுக்குகள் புண்ணாகிக் கிடந்தன.

"ஒரு ஜோடி கிளவுஸ் வாங்கிக் குடுங்கக்கா. சோறு பிசைய முடியல, எரியுது."

"கிளவுஸெல்லாம் மண்ணுல மக்காது ஜெசி. இது இயற்கைதானே, கையை ஒண்ணும் பண்ணாது," என்றாள் நளாயினி, பளபளத்த தரையைக் கைபேசியில் படம் பிடித்தபடி.

ஜெசிந்தா பின்கட்டுக்குப் போய், ஒரு மூடியையும் திறக்காமல், எரியும் விரல்களால் பன்னிரண்டையும் இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள்.

நாளை ஞாயிறு, ஜெசிந்தாவுக்கு விடுமுறை. நளாயினிதான் திறக்க வேண்டும்.