ஃபோல்டர் கேட்ட கேள்வி

"ஐயையோ! யாரோ நம்ம கம்ப்யூட்டருக்குள்ள புகுந்துட்டான்!"

கணவன் போட்ட கூச்சலில், சோபாவில் மொபைலைத் தட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"சொன்னா உனக்குப் புரியாது. மவுஸைத் தொடாம, கறுப்புத் திரையில கமாண்ட் அடிச்சே ஃபைலையெல்லாம் அடுக்கிட்டிருக்கேன். நான் போடாத ஃபோல்டர் ஒண்ணு தானா முளைக்குது. பேரைப் பாரு, 'இன்னிக்கு என்ன நாள்'னு!"

"கேக்குறாங்கல்ல, பதில் சொல்லிப் பாருங்களேன்."

அவன் 'வியாழக்கிழமை' என்று ஒரு ஃபோல்டரை உருவாக்கினான். மறுபடி பார்த்தால் அதைக் காணோம். அந்த இடத்தில் 'தப்பு' என்று வேறொன்று உட்கார்ந்திருந்தது.

'மாசக் கடைசி' என்று போட்டான். 'ரொம்பத் தப்பு' வந்தது.

"ஆபீஸ் ஃபைலெல்லாம் இதுலதான் இருக்கு. வேலைக்கே உலை வச்சிடுவான் போலிருக்கே!"

வியர்த்துக் கொட்டியபோதுதான் சுவர்க் காலண்டரின் தேதி அவனுக்கு உறைத்தது. 'கல்யாண நாள்' என்று அடித்தான்.

'அப்பாடா' என்று ஒரு ஃபோல்டர் முளைத்தது. திறந்தால் உள்ளே இன்னொன்று: 'வெளியில டின்னர்'.

மெல்லத் திரும்பினான். மனைவியின் மொபைலிலும் அதே கறுப்புத் திரை!

"போன வருஷம் நீங்க மறந்தப்பவே இந்தக் கமாண்டையெல்லாம் கத்துக்க ஆரம்பிச்சிட்டேன். நல்லவேளை, பாஸ்வேர்டுலயாவது என் பேரை மறக்காம வச்சிருந்தீங்க!" விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடிப்பாவி!"

வீம்புக்கு அந்த டின்னர் ஃபோல்டரை அழிக்கக் கமாண்ட் கொடுத்தான்.

'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது கம்ப்யூட்டர்.