வெயில் விழும் கரும்பலகை

"இந்த வயசுல காப்பி அடிக்க வெக்கமா இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டு, சமுதாயக் கல்லூரியின் வரலாற்று ஆசிரியர் கடைசி பெஞ்சருகே சாக்பீஸும் கையுமாக நிற்கிறார். பேருந்து ஓட்டிவிட்டு, சீருடையைக்கூட மாற்றாமல் படிக்க வந்திருக்கும் அக்கா தலை நிமிரவில்லை. பக்கத்துப் பெண்தான் வாய் திறக்கிறாள்.

"இங்கேருந்து போர்டே தெரியாது சார். முன்னாடி இருக்கிறவங்க எழுதறதைத்தான் நாங்க எல்லாரும் பாத்து எழுதறோம்."

"எப்பலேருந்து?"

"முதல் நாள்லேருந்து."

"ஏன் யாரும் சொல்லல?"

"நீங்க அவ்வளவு ஆசையா நடத்தறீங்க," என்கிறாள் அக்கா, மெதுவாக. "அதுல போய் எப்படி சார் குறை சொல்றது?"

அவர் விறுவிறுவென்று முன்னால் போகிறார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, புரட்சி நடந்த ஆண்டை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதுகிறார். சாக்பீஸ் கிறீச்சிடுகிறது. "இப்போ?"

"பளிச்சுனு தெரியுது சார்!" அக்காதான் முந்திக்கொள்கிறாள்.

திரும்பி வந்து, அவள் தோளருகே குனிந்து பார்க்கிறார். ஜன்னல் வெயில் பலகை முழுக்கக் கூசுகிறது. நடுவில் ஒரு வெள்ளைத் தீற்றல், அவ்வளவுதான். அக்கா நகர்ந்து அவருக்கு இடம் விடுகிறாள். அவரால் உட்காரவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை.