முன் சக்கரத்துக் குமிழ்

“நாலு சக்கரமும் இழுக்கும் சார்! இந்தச் சேறெல்லாம் இதுக்குப் பாயசம்!”

சகாயராஜ் தன் பழைய ஜீப்பின் ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தான். மஸ்கட்டில் எட்டு ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவன், ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி. அதன் பெருமையைக் கேளாத காது குடவாசல் பக்கத்தில் கிடையாது.

அருகில் அமர்ந்திருந்தவர் பொறியாளர் வைத்தியலிங்கம். வாய்க்காலுக்கு அப்பாலுள்ள இருபது வீட்டார், தார்ச்சாலை கேட்டுக் கொடுத்திருந்த மனுவை விசாரிக்க வந்தவர். சென்ற ஐப்பசியில் அங்குள்ள ரெங்கம்மாளின் மருமகளைப் பிரசவ வலியோடு கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, இதே சேற்றில் நான்கு பேர் தூக்கி வந்தார்கள். பாதி வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டது.

பொறியாளரின் கார் பெரிய சாலையோடு நின்றுகொண்டது. சகாயராஜ் விடுவானா? வலியப்போய் அவரைத் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டான்.

“கியருக்குப் பக்கத்துல இது என்ன, ரெண்டு குட்டிக் கம்பி?”

“இதைத் தள்ளினா முன் சக்கரத்துக்கும் இழுவை போகும் சார். இன்னொண்ணு வேகத்தைக் குறைச்சு பலத்தைக் கூட்டும். யானையையே இழுக்கலாம்!”

“அப்ப இந்த வழியில வண்டி போகுங்கிறீங்க?”

“பறக்கும் சார்!”

“நல்லதாப் போச்சு. வாகனம் செல்லும் பாதை இருக்கு, சாலைக்கு அவசரமில்லைன்னு எழுதிட்டு வெள்ளனக் கிளம்பிடலாம்.”

சகாயராஜின் காதில் ‘வாகனம் செல்லும்’ என்பது மட்டுமே விழுந்தது.

“ஒரே ஒரு வேலை பாக்கி சார். முன் சக்கரம் ரெண்டுலயும் நடுவுல ஒரு குமிழ் இருக்கு. அதையும் கையால திருப்பிப் பூட்டணும். பூட்டலேன்னா இந்தக் கம்பியெல்லாம் சும்மா.”

“அதை யார் பூட்டுறது?”

“வீட்டுக்காரிதான். எனக்கு வெள்ளை வேட்டி பாருங்க!”

பின்னால் மருந்துப் பெட்டியோடு இருந்த அவன் மனைவி ஜூலியட், அந்த வட்டாரத்துச் செவிலி, இறங்கினாள். இரண்டு சக்கரங்களின் முன்னும் குனிந்து நிமிர்ந்தாள்.

“பூட்டியாச்சா?”

“ஆச்சுங்க. போங்க.”

ஜீப் முழங்கியது. வாய்க்கால் கரையில் இறங்கியது. பத்தடி போனதும், பின் சக்கரங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே சுழன்று சேற்றை வாரி இறைத்தன. வேட்டியின் வெள்ளை போயிற்று.

“என்னண்ணே, பாயசத்துல முந்திரியாட்டம் நிக்கிறீங்க?” வரப்பிலிருந்து, நடவுக்கு வந்த காத்தான் கேட்க, நாற்றுக் கட்டோடு நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள்.

வைத்தியலிங்கம் முழங்கால் சேற்றில் இறங்கினார். ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. இருபது வீட்டையும் பார்த்துவிட்டு அதே சேற்றில் திரும்பி வந்து, பல்லைக் கடித்தபடி எழுதினார். எழுதியதைச் சகாயராஜின் முகத்துக்கு நேரே படித்தும் காட்டினார்.

“ஜீப்பும் செல்ல இயலாத பாதை. சாலை உடனடித் தேவை.”

அவருடைய கார் மறையும்வரை சகாயராஜ் தலை நிமிரவில்லை. பிறகு முன் சக்கரத்துச் சேற்றைக் கையால் வழித்தான். பூட்டப்படாத குமிழ் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஏண்டி, மறந்துட்டியா?”

“மறக்கலீங்க.”

“பின்னே? ஊர் முன்னாடி என் மானமே போச்சே!”

ஜூலியட் குனிந்து, இரண்டு குமிழ்களையும் நிதானமாகத் திருப்பிப் பூட்டினாள்.

“கட்டில்ல பிள்ளை பெத்தாளே, அவ மானத்துக்கு முன்னாடியா? இப்ப எடுங்க வண்டியை.”

ஜீப் ஒரே மூச்சில் கரையேறியது.