எழும்பும் கூரை

வேனின் கூரையில் மூன்று பக்கம் அறுத்தாகிவிட்டது. மிச்சம் முன்பக்கம் மட்டும்தான்.

அதை அறுப்பதற்கு முன் கீல்களைப் பொருத்திவிட வேண்டும். இல்லாவிட்டால், அறுத்து முடித்த நொடியில் தகரம் மொத்தமும் உள்ளே சரிந்து கீழே இருப்பவர் தலையில் உட்காரும்.

கீழே இருந்தது அவன் மனைவி. பழைய போர்வையை விரித்துப் பிடித்தபடி, முதுகை வளைத்து நின்று, உதிர்கிற இரும்புத்தூளை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"தலையெல்லாம் இரும்புங்க. இனிமே காந்தம் வச்சுத்தான் தலை வாரணும்."

"சீப்பு மிச்சம்" என்றான் ஏணியிலிருந்து.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பதினோரு வருடம் வெளிநாட்டில் ஊரார் எல்லோரையும் ஏற்றி இறக்கிவிட்டு, ஆறு மாதத்துக்கு முன்புதான் ஒரேயடியாகத் திரும்பியிருந்தான். இனி எங்கே போனாலும் சேர்ந்துதான் என்று வந்த அன்றே அவளுக்குச் சொல்லியிருந்தான். அந்தச் சொல்லுக்காகத்தான் இந்தப் பழைய வேன். உள்ளேயே சமைக்கலாம், படுக்கலாம், ஊர் ஊராகப் போகலாம். நிமிர்ந்து நிற்கத்தான் முடியாது.

எழும்பும் கூரையைக் கடையில் வாங்குவதென்றால் வேனை விற்றுத்தான் வாங்க வேண்டும். அதனால் வேனின் சொந்தக் கூரையே மூடி. அதைத் தூக்கி நிறுத்த, உடைத்துப்போட்ட கார்களின் டிக்கியிலிருந்து கழற்றிய வாயுத் தண்டுகள் இரண்டு. சுற்றிலும் மறைக்க, கடைவாசல் பந்தல் துணியில் அவள் தைத்த திரை.

தண்டுக்குப் பலம் கூடினால் கூரை மூடாது, குறைந்தால் நிற்காது. அவன் அதற்கே ஒரு வாரம் கணக்குப் போட்டான். அட்டைப்பெட்டியின் மேல்பக்கத்தை வெட்டினால் சுவர்கள் தொளதொளவென்று விரியுமில்லையா? வேனுக்கும் அதே கதி வராமலிருக்க, அறுப்பதற்கு முன்பே உள்ளே சுற்றிலும் இரும்புச் சட்டம் கட்டியிருந்தான்.

இப்போது கீல். அதன் அடியில் வைக்கிற பசை பெயின்ட் மேல் நிற்காது, பெயின்டோடு உரிந்து வந்துவிடும். வெறும் தகரம் வேண்டும். கண்ணாடிக்கு மேலே, வலது ஓரத்திலிருந்து சுரண்ட ஆரம்பித்தான்.

வெள்ளைக்கு அடியில் கறுப்பு தெரிந்தது. கறுப்பு ஓர் எழுத்தானது. இன்னும் கொஞ்சம் சுரண்டினான். 'ஊர்தி.'

ஏதோ பள்ளிக்கூடத்து வண்டி போலிருக்கிறது. அவளிடம் சொல்ல வாயெடுத்தபடியே இன்னொரு இழுப்பு இழுத்தான்.

'அமரர்.'

கை அப்படியே நின்றுவிட்டது.

வேனின் தரையில் இரண்டு வரிசையாக அடைத்திருந்த துளைகள் ஞாபகத்துக்கு வந்தன. சீட்டு இருந்த இடம் என்று நினைத்திருந்தான். சீட்டுக்கு எதற்கு ஆறடி நீளம்?

ஒன்பது வருடத்துக்கு முன் அவள் அப்பா வெளியூர் ஆஸ்பத்திரியில் இறந்தபோது அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவள்தான் உடலை ஊருக்குக் கொண்டு வந்தாள். அன்றிலிருந்து சைரன் சத்தம் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். இது என்ன வண்டி என்று தெரிந்தால் இதில் இன்னொரு முறை கால் வைப்பாளா?

வேன் போனால் போகட்டும். சேர்ந்துதான் என்று சொன்ன சொல் போய்விடுமே.

பெயின்ட் டப்பா எங்கே என்று கண்ணால் தேடினான்.

அறுத்த இடுக்கு வழியாகக் குரல் வந்தது. "என்னங்க, சத்தத்தையே காணோம்?"

"பிளேடு சூடாயிருச்சு. கொஞ்சம் ஆறட்டும்."



"எழுத்து வரைக்கும் சுரண்டிட்டீங்களா?"

அவன் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டான். குனிந்து இடுக்கில் பார்த்தான். அண்ணாந்த இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

"உனக்கு... தெரியுமா?"

"நம்பரைப் பாத்துத்தானே இதையே வாங்கலாம்னு ஒத்தைக்கால்ல நின்னேன். அப்பாவைக் கொண்டாந்தது இதுலதாங்க. எட்டு மணி நேரம். பெட்டி ஆடாம பிடிச்சுக்கணும், உக்கார முடியல. கூரை இடிக்குது, நிக்கவும் முடியல. குனிஞ்சே வந்தேன்."

"உன் சித்தப்பா கூட இருந்தாருல்ல?"

"யாரும் வரல. அங்க தனியா உக்காந்து அழுவீங்களேன்னு போன்ல அப்படிச் சொன்னேன்."

விடுமுறைக்கு வந்தபோதெல்லாம், அன்றைக்கு உடனிருந்த நன்றிக்காக, சித்தப்பாவுக்கு ஒரு சட்டையோ வாட்ச்சோ வாங்கி வந்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் அவரும் எதற்கென்று கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

"சீக்கிரம் அறுங்க, முதுகு வலிக்குது."

பசை வைத்துக் கீல்களை முடுக்கினான். திருகாணி இரண்டு முறை கை நழுவிக் கீழே போனது. இரண்டு முறையும் அவள் இடுக்கு வழியாக எடுத்துக் கொடுத்தாள்.

கடைசி அங்குலத்தை அறுத்ததும் தகரம் ஒருமுறை நடுங்கி விடுபட்டது. உள்ளேயிருந்து இரண்டு கைகள் அதைத் தள்ளி உயர்த்தின. வெளிச்சத்தில் முதலில் நரை கலந்த உச்சி, பிறகு நெற்றி, பிறகு தோள்.

அவள் முழு உயரத்துக்கும் நிமிர்ந்தாள்.

அவன் ஏணியிலேயே உட்கார்ந்தான்.

"ஆஸ்பத்திரியில இருந்து கிளம்பினதுல ஆரம்பி" என்றான். "ஒண்ணு விடாம சொல்லு."