பெட்ரோல் முள்

"தம்பி, பெட்ரோல் முள் பாதி டேங்க்லயே நிக்குது. ரொப்பினாலும் ஏறல, ஓட்டினாலும் இறங்கல. நாளைக்குப் பொண்ணுக்குப் பிரசவம். அவ ஊருக்குப் போற நடுவழியில நின்னுட்டா?"

மெக்கானிக் காரின் பின்சீட்டைத் தூக்கி, டேங்க் சென்சாரின் ஒயரைக் கழற்றினான். அப்போதும் முள் அசையவில்லை.

"சென்சார்ல குறையில்ல சார். நடுவுல ஒயர்லதான் கோளாறு. ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

"எனக்கு டீ உள்ள இறங்குமாய்யா?" என்று முணுமுணுத்தபடி, காரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அவர் நகர்ந்தார்.

அவர் தலை மறைந்ததும் மெக்கானிக் அவர் மனைவிக்குப் போன் போட்டான்.

"அக்கா, சார் வந்துட்டாரு. முள்ளைப் பாதியில நிறுத்தி வைக்கச் சொல்லி நீங்க மாட்டவச்ச ரெசிஸ்டரைக் கழட்டிடவா?"

"கழட்டித் தொலைச்சிடாதே! முள் கொஞ்சம் இறங்கினாப் போதும், மனுஷன் வழியில ஒரு பங்க்கையும் விடமாட்டார். போன பிரசவத்துக்கு நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள பேரனே வந்து சேர்ந்துட்டான். டேங்கை நானே ரொப்பி வச்சிருக்கேன்."

"அவருக்கு என்னக்கா பதில் சொல்றது?"

"முள்ளை முக்கால்ல நிக்கற மாதிரி மாத்திடு. அது நகர்ந்துட்டாலே சரியாயிடுச்சுன்னு நிம்மதியா ஓட்டுவார்."