பதினேழாம் எண் வீட்டுச் சுவர்

“இந்தச் சுவரைப் பார்த்தாலே கண்ணு கூசுது. எழுதிக்குங்க,” என்றார் செயலாளர்.

பொருளாளர் எழுதிக்கொண்டார். வீட்டு எண் பதினேழு. அனுமதியின்றி வெளிச்சுவருக்கு வேறு நிறம்.

குடியிருப்போர் சங்கத்தின் நடவடிக்கைப் பதிவேட்டில் இரண்டு வருடத்துக்குப் பிறகு ஏறிய முதல் வரி அது. வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குத் தேர்தல். ‘இத்தனை நாளா என்னத்தைக் கிழிச்சீங்க?’ என்று யாராவது எழுந்து கேட்டால் காட்டுவதற்கு ஒரு பக்கமாவது வேண்டுமே! அதற்காகத்தான் இருவரும் காலையிலேயே தெருவில் இறங்கியிருந்தார்கள்.

இறங்கியதும் எதிர்ப்பட்டது முனையிலிருந்த குப்பைமேடு. கொட்டுகிறவர் யார் என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் அவர் சங்கத் தலைவரின் மச்சான். “மக்குற குப்பைதானே, தானா மக்கிடும்,” என்று செயலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனார்.

அடுத்து, நடைபாதையை அடைத்துக்கொண்டு நாலு டயரிலும் காற்றில்லாத கார். சொந்தக்காரர் வக்கீல். “வாயைக் கொடுத்தா கேஸ் போடுவாரு. நகராத வண்டியால யாருக்கு என்ன ஆபத்து?”

அதற்கும் அப்பால் நட்டநடுத் தெருவில் ஒரு நாய். தலையைத் தூக்கி இருவரையும் ஒரு பார்வை பார்த்தது. இருவரும் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். அதை வளர்க்கிறவரின் குரல் நாயின் குரலைவிடப் பெரிது.

பதினேழாம் எண்ணில் அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அங்கே இருப்பவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். அவளும் அவள் அப்பாவும்தான். குடிவந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, ஏன் என்று கேட்க வீட்டில் வேறு ஆள் கிடையாது. செயலாளருக்குக் குரல் தானாகவே கனத்தது.

“ஏம்மா! கொஞ்சம் வெளிய வா.”

ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி அவள் வந்தாள். வாசலில் வேன் சொட்டச் சொட்ட நின்றது.

“இந்தத் தெருவுல நாப்பத்திரண்டு வீடு. எல்லாம் ஒரே கலரு. உன் வீடு மட்டும் தனியா பல்லை இளிக்குதே, என்ன அர்த்தம்?”

“அசிங்கமாவா இருக்கு சார்?”

“அழகு, அசிங்கம்லாம் இல்ல. விதி ஒன்பது. எல்லா வீட்டு வெளிச்சுவரும் ஒரே நிறமா இருக்கணும். நான் இங்க வந்து ஆறு வருஷமாச்சு. அன்னிலேர்ந்து அத்தனை வீடும் அந்தச் சாம்பல்தான். ஒருத்தராவது மீறியிருக்காங்களா?”

பக்கத்து வீட்டுக்காரர் கேட்டின் மேல் கையூன்றி எட்டிப் பார்த்தார். “நல்லாக் கேளுங்க சார். நேத்து சாயங்காலத்திலேர்ந்து எங்க சுவரைப் பார்க்க எங்களுக்கே ஒரு மாதிரியா இருக்கு.”

“தெருவிளக்கு எரியலைன்னு மூணு தடவை எழுதிக் கொடுத்தேனே சார், அது என்னாச்சு?” என்றாள் அவள்.

“அது வேற விஷயம். பேச்சை மாத்தாதே. உனக்கு ஏழு நாள் டைம். பழையபடி ஆகலைன்னா பொதுத் தொட்டியிலேர்ந்து உன் வீட்டுக்குத் தண்ணி வராது.”

உள்ளே யாரோ நெடுநேரம் இருமினார்கள். அவள் முகம் சட்டென்று மாறிவிட்டது.

“அப்பா படுத்த படுக்கையா கிடக்கிறாரு சார். வேற என்ன வேணா பண்ணுங்க, தண்ணியில மட்டும் கை வைக்காதீங்க.”

கெஞ்சுகிறாள்! செயலாளருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. ஆறு வருடத்தில் அவர் சொல்லுக்கு ஒருவர் பயப்படுவது இதுதான் முதல் தடவை. பெருந்தன்மையாகக் குரலைத் தணித்தார்.

“அப்போ பேசாம மாத்திடு. கடையில போய் இதே சாம்பல்ல ரெண்டு டப்பா கேளு. தீர்ந்துது விவகாரம்.”

அவள் இரண்டு பக்கத்துச் சுவர்களையும் ஒருமுறை பார்த்தாள்.

“அது கடையில கிடைக்காது சார்.”

“ஏன் கிடைக்காது? சரி, அதை விடு. இந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடிச்சவன் யாரு? அதைச் சொல்லு முதல்ல. அவனையும் சேர்த்து எழுதிக்கறேன்.”

பொருளாளர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தார்.

“யாரும் அடிக்கல சார். கழுவினேன்.”